பினாங்கில் மறுபடியும் கப்பல் நிற்கிறது, இறங்கிப் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்பும் அதே குரூஸில் மறுபடியும் டிக்கெட் போட்டுவிட்டீர்கள், இந்தத் தடவை வயதான அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். மணிக்கூண்டு, ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள், கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகை, பினாங்கு மலை, கெக் லோக் சி பௌத்தக் கோவில் எல்லாம் பார்த்தாயிற்று. இனி அதிகம் பேருக்குத் தெரியாத இடம் ஏதாவது உண்டா, இல்லை பேசாமல் கப்பலிலேயே இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இன்னொரு பட்டியல் கொடுத்தாலும் அடுத்த வருடம் அதுவும் தீர்ந்துபோய் இதே கேள்வியோடு வருவீர்கள் என்று தோன்றுகிறது. கையில் இருப்பதோ ஆறேழு மணி நேரம்தான், அதில் பார்த்த ஊரையே எப்படி மறுபடி புதிதாகப் பார்ப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் பினாங்கில் பிறந்தவன், ஜார்ஜ்டவுனில் உரிமம் பெற்ற வழிகாட்டியாகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன், கப்பலில் வந்து இறங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் அழைத்துப் போகிறேன். அதனால் பினாங்கைப் பற்றி உறுதியோடு சொல்ல முடியும். பூக்கெட்டை உங்களைப் போல ஒரு பயணியாகத்தான் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி அந்தப் பகுதியைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில், கப்பலிலேயே இருந்துவிடலாமா என்பதற்கு: வேறு சில துறைமுகங்களில் அது நியாயமான முடிவு. போர்ட் கிள்ளானில் நின்றால் கோலாலம்பூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், லாயெம் சபாங்கில் நின்றால் பாங்காக் இரண்டு மணி நேரம். விளம்பரத்தில் ஊர்ப் பெயர் போட்டிருப்பார்கள், கப்பல் கட்டுவது வேறெங்கோ. பினாங்கு அப்படியில்லை. சுவெட்டன்ஹம் படகுத்துறையில் இறங்கி வெளியே வந்தால் நேர் எதிரே விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு, அதைத் தாண்டினால் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வண்டியே வேண்டாம். இவ்வளவு பக்கத்தில் ஊர் இருக்கிற துறைமுகம் இந்தப் பக்கத்தில் அபூர்வம், அதில் இறங்காமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கதை போகும் தெருக்களில் மட்டும் நடங்கள், வேறு எதையும் அந்த நாளில் சேர்க்காதீர்கள். முதல் தடவை வருகிறவர்கள் ஊரின் உச்சிகளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள், அது சரிதான். இரண்டாவது மூன்றாவது தடவையும் அதேபோல ஐந்து இடம், அரை அரை மணி நேரம் என்று ஓடினால் எந்த இடமும் மனதில் நிற்காது. அப்புறம் நேரம். பெரிய கப்பல் ஒன்று கட்டினால் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் இறங்குவார்கள். அதில் பெரும் பகுதி முதல் இரண்டு மணி நேரத்தில் ஆர்மீனியன் தெருவுக்கும், சீனக் குலத்தவர் கடல்மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகளான சியூ ஜெட்டிக்கும்தான் போகும், பேருந்தில் ஏறுகிறவர்கள் மலைக்கும் கெக் லோக் சிக்கும் போவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எதிர்ப்பக்கம் போனால், கூட்டமான நாளில்கூட ஊர் உங்களுக்கு அமைதியாகக் கிடைக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் எடுக்கச் சொல்லும் கதை, இந்தத் துறைமுகத்துக்கு வந்த தமிழர்களுடையது. லிட்டில் இந்தியாவில் சேலைக்கடையும் வாழையிலைச் சாப்பாடும் பார்த்திருப்பீர்கள், ஆனால் அதோடு திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படகுத்துறையிலிருந்து பீச் தெரு வழியாக வந்து பினாங்கு தெருவுக்குள் திரும்பினால் நகரத்தார்களின் கோவில் வீடு இருக்கிறது. தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் இங்கிருந்துதான் தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குக் கிளம்பும். அந்த ரதம் 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்தது. நீங்கள் கப்பலிலிருந்து இறங்கி நடந்துவந்த அதே கடற்கரைக்குத்தான் அதுவும் வந்து இறங்கியது என்று சொன்னதும் வயதானவர்கள் பலர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். அடுத்து குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோவில். காலையில் முதலில் இங்கே போய்விடுங்கள், நம்மூர்க் கோவில்களைப் போல நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். கப்பல் மதியம்தான் கட்டுகிறது என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதே வழிவந்ததுதான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடக்கமானது நாகூரில், இங்கே இருப்பது கடல் தாண்டி வந்த சோழமண்டலக் கரை மாலுமிகளும் வணிகர்களும் அவர் நினைவாக எழுப்பிய இடம். பெரிய கட்டடம் இல்லை, அதனால் பெரும்பாலானவர்கள் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். கொஞ்சம் நின்று வெளிச்சுவரைப் பாருங்கள். சுவரோடு சுவராகவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குட்டிக் குட்டிக் கடைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அந்த மாதிரி ஒரு பொந்துக்குள் உட்கார்ந்துதான் சொங்கோக் தொப்பி தைப்பவர் ஒருவர் நெடுங்காலம் தொழில் நடத்தினார். வழிபடும் இடமும் கடையும் ஒரே சுவரில் இருப்பது எப்படிப்பட்ட ஊர் இது என்பதைச் சட்டென்று புரியவைத்துவிடும்.

பிறகு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இதை எல்லாரும் வெளியிலிருந்து படம் பிடித்திருப்பார்கள். பறங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயர் என்ற தமிழர்தான் இங்கிருந்த தென்னிந்தியர்களுக்குக் கப்பித்தானாக, அதாவது தலைவராக இருந்தார். 1801இல் ஆங்கிலேய நிர்வாகம் கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில்தான் பள்ளிவாசல் தொடங்கியது, இப்போது தெரியும் குவிமாடத் தோற்றம் 20ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியபோது வந்தது. இதுவரை கையேடுகளிலும் இருக்கிறது. கையேட்டோடு வருகிறவர்கள் போகாத இடம் பக்கத்திலேயே இருக்கிறது: கம்போங் கோலம் தெருவில் அந்தக் கப்பித்தானின் சமாதி. 1834இல் அவர் இறந்தார். ஒரு கட்டடத்தைக் கட்டியவர் யார் என்று படித்துவிட்டு, சில நிமிடம் நடந்து அவர் அடங்கிய இடத்திலேயே போய் நிற்பது எத்தனை ஊரில் கிடைக்கும்? என் கூட வந்தவர்களில் இந்த ஊருக்குப் பல தடவை வந்த சிங்கப்பூர்க்காரர்கள்கூட இங்கே வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கவனமாக இருங்கள், ஜும்மா நேரத்தில் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள், தெருவும் நெரிசலாக இருக்கும்.

கால் வலிக்கவில்லை என்றால் அங்கிருந்து அச்சே தெருவரை போகலாம். 1808இல் கட்டிய மலாய் பள்ளிவாசல், எண்கோண மினார், சுற்றிப் பழைய வீடுகள். விமானத்துக்கு முந்தைய காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் ஹஜ் யாத்திரை போகிறவர்கள் கப்பலுக்குக் காத்திருந்து, பொருள் வாங்கி, விடைபெற்றுக் கிளம்பிய பகுதி. அந்த மினாரில் வட்டமாக ஒரு திறப்பு இருக்கிறது, 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு பாய்ந்த ஓட்டை என்று சொல்வார்கள். 1867இல் சீன ரகசியச் சங்கங்களும், அவற்றோடு கூட்டுச் சேர்ந்த மலாய், தமிழ் முஸ்லிம் கொடிக் குழுக்களும் பல நாள் தெருவில் மோதிக்கொண்டது வரலாறு, அதில் சந்தேகமே இல்லை. ஓட்டைக் கதை மட்டும் ஊர்வழக்கு. நானும் அதைச் சொல்வேன், ஆனால் ஊர்வழக்கு என்று சொல்லித்தான் சொல்வேன். ஜார்ஜ்டவுனில் சாலையோரம் கேட்கும் கதைகளில் பாதி இந்த வகை, வழிகாட்டி எது ஆவணம் எது பேச்சு என்று பிரித்துச் சொல்கிறாரா என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் போதும், பெரியவர்களோடு என்றால் மூன்றரை. முடிக்கும் இடத்தில் சாப்பாடு. நாசி கண்டார் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். தமிழ் முஸ்லிம்கள் காவடிபோலத் தோளில் கம்பு போட்டு ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. அதனால் இந்தக் கதைக்கு அதுதான் பொருத்தமான முடிவு. கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா எல்லாருக்கும் தெரிந்த கடை, வரிசை நீளமாக இருக்கும். பெரியவர்களை வரிசையில் நிறுத்த வேண்டாம் என்றால் சௌராஸ்தா சந்தைப் பக்கம் போங்கள், சந்தையை ஒட்டியே தமிழ்த் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, அங்கேயும் நல்ல கடைகள் உண்டு. கறி கேட்கும்போது ஒரே குழம்பு என்று சொல்லாமல் இரண்டு மூன்று குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவது அப்படித்தான். சோற்றுக்கு மேல் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாம் ஒன்றாக இறங்கி விளிம்புவரை நிற்கும். சந்தையில் கீழே ஜாதிக்காய் ஊறுகாய், மாடியில் பழைய புத்தகக் கடைகள். உங்கள் அப்பாவுக்குப் படிக்கும் பழக்கம் இருந்தால் அவரை மாடியில் விட்டுவிட்டு நீங்கள் கீழே சாவகாசமாக வாங்கலாம்.

இரண்டாவது கதை எம்டன். சென்னைக்காரர்கள் வீட்டில் எம்டன் குண்டு போட்ட கதையைக் கேட்டிருப்பார்கள்: 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் கரைக்கு வந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 28 விடியற்காலையில், அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. தனக்கு இருந்த மூன்று புகைபோக்கியோடு போலியாக நான்காவது ஒன்றை நிறுத்தி ஆங்கிலேயக் கப்பல்போல வேடம் போட்டு உள்ளே நுழைந்து, அங்கே நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. வெளியே போகிற வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் முடித்தது. ரஷ்யக் கப்பலின் தலைவர் அந்த இரவு கப்பலில் இல்லை, கரையில் இருந்தார், அதற்காகப் பின்னால் விசாரணை நடந்து தண்டனையும் பெற்றார். இது உறுதி. அவர் கரையில் யாரோடு இருந்தார் என்பதைப் பற்றி வரும் கதைகள் வெறும் கதைகள், நான் அவற்றைச் சேர்ப்பதில்லை. உங்கள் கப்பலின் மேல்தளத்தில் காலையில் காப்பியோடு நின்று பார்க்கிறீர்களே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் அந்த நீர்ப்பரப்பில்தான் இதெல்லாம் நடந்தது.

இதன் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் வண்டி எடுத்து வெஸ்டர்ன் ரோட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே இறந்துபோன ரஷ்ய மாலுமிகளுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்து எதுவும் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. போகிற வழியில் நார்தம் ரோடு பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்திலும் இறங்குங்கள், ஈ அண்டு ஓ ஹோட்டலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். நுணா மரமும் வேப்பமரமும் பார்த்த கண்ணுக்கு இந்த இடம் வேறாக இருக்கும்: கிழட்டு மரங்கள் எல்லாம் ஈழத்தலரி, பூ உதிர்ந்து கல்வெட்டு எழுத்துப் பள்ளங்களில் தங்கி நிற்கும், பாசி பிடித்த கல்லைத் துடைத்தால்தான் பெயர் தெரியும். 1786இல் இந்தத் தீவை ஆங்கிலக் கம்பெனிக்காக எடுத்த பிரான்சிஸ் லைட் 1794இல் இறந்து இங்கேதான் இருக்கிறார். கார்ன்வாலிஸ் கோட்டையில் அவர் சிலை என்று பார்த்தீர்களே, அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்தது அது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்டவர் அந்த மகன்தான்.

லைட்டைப் பற்றி இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் அடுத்த நிறுத்தம் பூக்கெட், லைட் பினாங்குக்கு வருவதற்கு முன் வருடக்கணக்கில் வாணிகம் செய்தது அங்கேதான். 1785இல் பர்மியப் படை பூக்கெட் மேல் வரப்போகிறது என்று அங்கிருந்தவர்களுக்கு முன்னறிவிப்பு அனுப்பியவர் அவர். ஆளுநர் இறந்துபோயிருந்த நேரத்தில் அவருடைய மனைவி சான், சானின் தங்கை மூக் இருவரும் முன்னால் நின்று பூக்கெட்டின் அன்றைய முக்கிய ஊரான தாலாங்கைக் காத்தார்கள், பூக்கெட் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ரவுண்டானாவில் வாளோடு நிற்கும் இரண்டு பெண் சிலைகள் அவர்களுடையவை. பிறகு 1809 முதல் பர்மியர் மறுபடி வந்து தாலாங்கை அழித்தபோது, அங்கிருந்த கத்தோலிக்க யுரேசிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு) குடும்பங்கள் கிளம்பி பினாங்குக்கு வந்து புலாவ் திக்குஸில் குடியேறின. அந்தச் சமூகத்தின் அமலோற்பவ மாதா தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. அதனால் மூன்றாவது தடவைக்கு நான் சொல்லும் கதை, இந்த இரண்டு துறைமுகத்தையும் இணைக்கிற கதைதான். காலையில் புலாவ் திக்குஸ் சந்தையில் தொடங்குங்கள், தேவாலயம் பாருங்கள், பிறகு பர்மா லேனில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பௌத்த ஆலயங்கள். சயாமியக் கோவிலில் 33 மீட்டர் சயன புத்தரைப் பார்க்கப் பேருந்துகள் வரும், தெருவைக் கடந்தால் 1803இல் தொடங்கிய பர்மியக் கோவில், அங்கே கூட்டம் குறைவு, தோட்டமும் நிழலும் அதிகம். ஒருவரோடொருவர் போரிட்ட இரண்டு நாட்டுக்காரர்களின் கோவில்கள் இந்தத் தீவில் ஒரே சந்தில் நேருக்கு நேர் நிற்கின்றன.

அப்பா அம்மாவுக்கு நடப்பதே சிரமம் என்றால் மேலே சொன்ன எதையும் எடுக்காதீர்கள், படகில் ஏறுங்கள். படகுத்துறையிலிருந்து வெல்ட் கீ சாலை வழியாகத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் பட்டர்வொர்த் போகும் பெர்ரி நிலையம், வெயிலாக இருந்தால் வண்டியில் போய்விடலாம். பழைய இரட்டைத்தட்டு பெர்ரிகளை நிறுத்திவிட்டார்கள், 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன, பழையவற்றின் காற்றோட்டம் இவற்றில் இல்லை என்று எங்களுக்கெல்லாம் வருத்தம்தான். ஆனாலும் கட்டணம் மிகக் குறைவு, உட்கார்ந்தே போகலாம், தெற்கே 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம், பின்னால் மலை, முன்னால் கோம்தார் கோபுரம், இதோடு நீங்கள் வந்த கப்பலையே கடலிலிருந்து முழுசாகப் பார்க்கலாம். அந்தப் பக்கம் இறங்கி ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பினால் போதும். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு அது, அதில் உட்கார்ந்திருப்பதே ஊரைப் பார்ப்பதுதான்.

ஜெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சியூ ஜெட்டி பார்த்துவிட்டேன், எல்லாம் கடையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், உண்மைதான். அதே கடற்கரையில் லிம், டான், லீ, யோ என்று மற்ற குலங்களின் ஜெட்டிகளும் இருக்கின்றன. டான் ஜெட்டியின் கோடியில் கைப்பிடியில்லாத ஒடுக்கமான பலகைப் பாதை ஒன்று கடலுக்குள் நீண்டு போகும், லீ ஜெட்டியில் பெரும்பாலும் வீடுகள்தான். நீங்கள் மட்டும் போய் வாருங்கள், பெரியவர்களுக்குப் பலகை வழுக்கும். வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே எட்டிப் பார்ப்பதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் படம் எடுப்பதும் வேண்டாம். சியூ ஜெட்டிக்காரர்கள் பட்டதை மற்ற ஜெட்டிகளும் படவேண்டாம் என்பது என் ஆசை, அதனாலேயே நான் இங்கெல்லாம் குழுவாக யாரையும் அழைத்துப் போவதில்லை.

பூக்கெட்டில் எனக்குத் தெரிந்து ஒரு தமிழ்க் குடும்பம் தவறவிடக் கூடாதது தாலாங் தேசிய அருங்காட்சியகம், மேலே சொன்ன இரண்டு பெண் சிலைகளின் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில். பூக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகர்களையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். அதே பகுதியில் கிடைத்த பெரிய விஷ்ணு சிலையை இந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் நம் வணிகர்கள் வந்து இறங்கிய கடற்கரையில் நாம் மசாஜ் கடைக்கும் ஷாப்பிங்குக்கும் மட்டும் இறங்கித் திரும்புவது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் பெரும்பாலான கப்பல்கள் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு டெண்டர் என்ற சிறு படகில்தான் இறக்குகின்றன, அந்த வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடலாம், படோங்கிலிருந்து தாலாங் போய்வரவும் சாலை நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரம் ஒதுக்கவேண்டும். காலையில் கட்டி இரவில் கிளம்பும் கப்பல் என்றால் போங்கள், ஐந்து மணி நேரம்தான் என்றால் முயற்சி செய்யாதீர்கள். வாரத்தில் மூடும் நாட்களும் உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் ஒன்று முக்கியம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணி, தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுகிறதா இல்லையா என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும், கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்குப் போய்விடும். இறங்குமுன் கேங்வேயில், அதாவது கப்பலிலிருந்து இறங்கும் வழியில், எழுதியிருக்கும் நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், சொந்தமாகப் போனால் காத்திருக்காது. அதனால் பினாங்கில் நடந்து சுற்றும்போது கடைசி ஏறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவும், வண்டியில் வெஸ்டர்ன் ரோடு, புலாவ் திக்குஸ் என்று போனால் ஒன்றரை மணி நேரம் முன்பாகவும் படகுத்துறைப் பக்கம் வந்துவிடுங்கள், மாலையில் நார்தம் ரோடு நகரவே நகராது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், பெரும்பாலும் பிற்பகலில் வரும், அந்த மாதங்களில் கல்லறைத் தோட்டத்தையும் ஜெட்டியையும் காலையில் முடித்துவிட்டு மதியத்துக்குச் சந்தையையும் சாப்பாட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்மலை உச்சி முருகன் கோவிலுக்கு அப்பா அம்மா போகவேண்டும் என்று பிரியப்பட்டால், அது 513 படி, ஏறி இறங்கிக் கப்பல் பிடிப்பது அவர்கள் வயதுக்குச் சரிவராது. அடிவாரத்தில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்கு வண்டி வாசல்வரை போகும், முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பக்கத்தில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மரநிழலில் உட்காரலாம். காலை நடை சாத்துமுன் போய்விட்டால் அன்றைக்கு வேறெங்கும் போகாவிட்டாலும் அவர்களுக்கு அதுவே நிறைவாக இருக்கும்.